நிறுப்பதற்கு முன் கொடுக்கும் தண்ணீர்

உட்காருங்கள் அண்ணாச்சி. இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், சுவர்ப் பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். எனக்கு இது பழகிய பெஞ்சு. செவ்வாய்க்கிழமை என்றால் நான் இங்கேதான் இருப்பேன். என்னை யாரும் கூப்பிடுவதில்லை, நானாகத்தான் பஸ் ஏறி வருகிறேன். உள்ளே என் பேரனுக்குக் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அழுகிறானே, கேட்கிறதா? அந்தச் சத்தம் அவனுடையதுதான்.

உங்கள் கையில் என்ன, குளுக்கோஸ் பொட்டலமா? மகளுக்கா? அந்தப் பச்சைச் சுடிதார் போட்ட பிள்ளைதானே, முகம் உங்களை உரித்து வைத்திருக்கிறது. ஆறாம் மாதமா? தலைப்பிள்ளை. நல்லது. இரத்தம் எடுக்கிற பெண் டீ குடிக்கப் போயிருக்கிறாள், இப்போதைக்கு வரமாட்டாள். பொட்டலத்தை இன்னும் பிரிக்காதீர்கள். அதைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். கதையைக் கேட்டால் விளங்கும்.

என் பெயர் வேலாண்டி. சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. தராசு என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். ஆட்டு வியாபாரம். இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனேன், வாத்தியார் பிரம்பால் காதில் அடித்தார், அதோடு வந்துவிட்டேன். அவர் செத்ததற்குக்கூட நான் போகவில்லை. ஊரே போயிருந்தது, நான் போகவில்லை.

ஆட்டின் இடுப்பைப் பிடித்து, முதுகெலும்பில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், எடையைச் சொல்லிவிடுவேன். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் தப்பாது. தப்பும் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் என்னிடம் ஏமாந்தவர்கள், அப்படித்தான் சொல்லுவார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு திருட்டு இருக்கிறது அண்ணாச்சி. சந்தைக்கு முந்தின நாள் ஆட்டுக்குத் தீவனத்தில் உப்பைக் கலந்து வைத்துவிடுவான். காலையில் தொட்டி நிறையத் தண்ணீர் காட்டுவான். தாகத்தில் அது வயிறு முட்டக் குடிக்கும். அப்படியே கொண்டுவந்து தராசில் ஏற்றினால் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். வாங்கினவன் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மூத்திரமாகப் போய்விடும். நான் செய்ததில்லையா என்று கேட்காதீர்கள். தொழில் என்றால் எல்லாம்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். நிறுப்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுக்கிறவன் திருடன். ஆட்டுச் சந்தையானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி.

என் மகன் கதிரேசன் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணம் முடிந்து நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனான், போன பிறகுதான் மருமகள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அனுசுயா என்று பெயர். பி.காம். படித்தவள். படித்திருந்தாலும் என் சொல்லைத் தட்டமாட்டாள். அப்போது தட்டமாட்டாள் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரி காலமாகிவிட்டாள், வீட்டில் வேறு பொம்பளை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது, மாத்திரை வாங்குவது எல்லாம் நான்தான். எந்த மாமனார் செய்வான்? நான் செய்தேன்.

முதல் ஸ்கேனுக்கு வந்தபோது ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. சரி, பார்ப்போம் என்று பேசாமல் இருந்தேன்.

ஆறாம் மாதம் இதே பொட்டலத்தை வாங்கிவரச் சொன்னார்கள். தண்ணீரில் கரைத்து மொத்தத்தையும் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், பிறகு இரத்தம் எடுப்பார்கள். எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க என்றாள். 

“சர்க்கரையக் குடிக்கக் குடுத்துட்டு, சர்க்கரை இருக்கான்னு பாப்பீகளோ? எங்க சந்தையிலயும் இப்படித்தான் தாயி, தண்ணியக் காட்டிட்டு எடை போடுவானுக” என்றேன்.

இந்தப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு முகம் சிவந்துபோனது. “எல்லாருக்கும் இதான் தாத்தா” என்றாள். தாத்தா என்றாள். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

அனுசுயாவுக்கு இரண்டு வாய் குடித்ததும் குமட்டியது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாள். அந்தா தெரிகிறதே, அந்தக் குழாயடி, அங்கே கூட்டிப்போய் ஊற்றச் சொன்னேன். தயங்கினாள்.

“மாமா, கேட்டாங்கன்னா?”

“குடிச்சிட்டேன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

பாதிக்கு மேல் ஊற்றிவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை என்று வந்துவிட்டது. பார்த்தீர்களா? தண்ணீரை நிறுத்தினால் எடை இறங்கிவிடும். இது அவர்கள் படித்த படிப்பில் இல்லை.

அன்றைக்குப் போகும் வழியிலேயே அரைக் கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தேன். இனிமேல் என்ன பயம், இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்களே. அதற்குப் பிறகு நான் வஞ்சகம் வைக்கவில்லை அண்ணாச்சி. மாம்பழக் காலம் வேறு. பெட்டியோடு வாங்கிப் போட்டேன். கருப்பட்டி மிட்டாய், சீனி போட்டுக் காய்ச்சின பால், எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். போதும் மாமா என்பாள், சாப்பிடு என்பேன். கிடாய் வளர்த்தவனுக்குத் தெரியாதா? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஊட்டம் வேண்டும். வளைகாப்பு முடிந்து அவள் அப்பா வீட்டுக்குப் போகும்போது பார்த்த பெண்கள் எல்லாம், இரட்டைப் பிள்ளையா என்று கேட்டார்கள். நான் வளர்த்த வளர்ப்பு.

அவள் அப்பாவைச் சொல்ல வேண்டும். தவசிமுத்து. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் எல்லாம் சீட்டைக் கிழித்துக் கொடுத்தே பழகினவரா, தாளில் எதை அச்சடித்துக் கொடுத்தாலும் நம்பிவிடுவார். கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவர். அது தனிக் கதை.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இன்னொரு ஸ்கேன். தவசிமுத்து கூட்டிவந்தார், நானும் வந்து நின்றுகொண்டேன். என் மகன் பிள்ளை, நான் வராமல் இருப்பேனா? பிள்ளை மூன்று கிலோ எண்ணூறு என்று மெஷின் சொன்னது. எப்படிச் சொல்கிறது என்று அந்த ஸ்கேன் டாக்டரிடமே கேட்டேன். தலையை அளப்பார்களாம், வயிற்றுச் சுற்றை அளப்பார்களாம், தொடை எலும்பை அளப்பார்களாம், அதைப் போட்டால் கம்ப்யூட்டர் எடையைச் சொல்லுமாம். சரியாக இருக்குமா என்றேன். முன்னே பின்னே இருக்கும், பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடத் தப்பலாம் என்றார். அவர் வாயாலேயே சொன்னார் அண்ணாச்சி. தொடவும் இல்லை, தூக்கவும் இல்லை, நூலைப் பிடித்து அளந்து எடை சொல்வானாம். இதற்கு ஒரு அறை, ஒரு ஏசி.

நான் அங்கேயே தவசிமுத்துவிடம் சொன்னேன், பிள்ளை மூன்றேகால் இருக்கும், மிச்சமெல்லாம் பனிக்குடத் தண்ணீர் என்று. அவர் தலையைச் சொறிந்தார்.

பிறகு டாக்டரம்மாவின் அறைக்குப் போனோம். அந்த அம்மா படத்தைப் பார்த்தது, பழைய தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. பிள்ளைக்குத் தலையைவிட வயிறும் தோளும் பெருத்துத் தெரிகிறது, சர்க்கரை உள்ள தாய்மாருக்குத்தான் இப்படி வளரும், உனக்கோ சர்க்கரை இல்லை என்று வந்திருக்கிறதே என்று யோசித்தது. யோசித்துவிட்டுக் கேட்டது.

“அனுசுயா, அன்னிக்கு அந்தக் குளுக்கோஸ முழுசாக் குடிச்சியா? வாந்தி எதுவும் எடுத்தியா?”

அனுசுயா என்னைப் பார்த்தாள். பேசத் தெரியாத பிள்ளை, முழித்துக்கொண்டு நிற்கிறாள். நான்தான் கை கொடுத்தேன்.

“நான் பக்கத்துலதான இருந்தேன் டாக்டரம்மா. ஒரு சொட்டு விடாமக் குடிச்சா.”

பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா? காப்பாற்றினேன்.

அந்த அம்மா விடவில்லை. எதற்கும் இன்னொரு தடவை அந்தச் சோதனையைச் செய்துவிடலாமே என்றது. தவசிமுத்து உடனே தலையை ஆட்டிவிட்டார். “பாத்துருவோம் சம்பந்தி, பாக்கதுல என்ன?” என்றார். எனக்கு வந்ததே கோபம். ஒரு தடவை தராசில் வைத்து இறக்கினால் இறக்கினதுதான். நமக்குப் பிடித்த எடை வருகிற வரைக்கும் ஏற்றி ஏற்றி இறக்குவது எந்த ஊர் நியாயம்? 

“கண்டக்டர் புத்தி போகுதா பாரு. ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட்டுக் கிழிக்கச் சொல்லுதீரு” என்றேன்.

நர்ஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவசிமுத்து பின்வாங்கிவிட்டார். அனுசுயாவும், வேண்டாம், அதைக் குடித்தால் குமட்டும் என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை. லேசாகக் கண்ணைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அப்போது அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள். “சர்க்கரை இருந்திருந்தா ஆபரேஷனப் பத்திப் பேசியிருப்பேன். சர்க்கரை இல்ல. ஸ்கேன் சொல்ற எடைய மட்டும் நம்பி வயித்தக் கிழிக்க மாட்டேன். வலி வரட்டும்.”

ஸ்கேன் எடையை நம்ப மாட்டேன் என்று டாக்டரே சொன்னால், பிறகு அந்த மெஷின் எதற்கு? வெளியே வந்து தவசிமுத்துவிடம் இதைக் கேட்டேன். ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

வலி வந்தது. எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். தலை வந்துவிட்டது என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். தலை வந்தால் பிள்ளை வந்த மாதிரிதானே? வரவில்லை. தோள் மாட்டிக்கொண்டது. கதவுக்கு உள்ளே அந்த டாக்டரம்மா போட்ட சத்தம் கேட்டது. காலை மடக்கிப் பிடி, மேலே அமுக்கு, இன்னும் அமுக்கு. ஒருத்தி ஓடுகிறாள், இன்னொருத்தி ஓடிவருகிறாள். அனுசுயாவின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. தவசிமுத்து ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிள்ளை அழுதது. ஆண்பிள்ளை. நான்கு கிலோ நானூறு என்று சொன்னாள் நர்ஸ். டாக்டரம்மா வெளியே வந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான். “நாலு நானூறு இருக்கான். உங்க மெஷின் எவ்வளவு சொல்லுச்சு? மூணு எண்ணூறு. ஒரு ஆட்டுத் தலை எடைய முழுங்கிட்டீகளே.” அந்த அம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது, என்னைப் பார்த்தது, திரும்பிப் பிள்ளையிடமே போய்விட்டது. கையைப் பற்றி அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் மூன்றேகால் என்றேனே என்று கேட்கப் போகிறீர்கள். தவசிமுத்துவும் அதைத்தான் கேட்டார். நான் கை வைத்துப் பார்த்தா சொன்னேன்? மருமகள் வயிற்றில் மாமனார் கை வைத்துப் பார்க்க முடியுமா? பார்த்த மாத்திரத்தில் சொன்னது. அது கணக்கில் வராது.

வலது கை. தோளை விடுவிக்கிற அவசரத்தில் கழுத்து நரம்பு இழுபட்டுவிட்டது என்றார்கள். துணி உலர்த்துகிற கொடியில் சட்டைக் கை தொங்குமே, அப்படித் தொங்கியது. சிலருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்கு ஆகாது, பயிற்சி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இப்போது ஐந்து மாதம். விரலை மடக்குகிறான். கையைத் தூக்க மாட்டேன் என்கிறான்.

அதோடு விட்டார்களா? பிறந்த அன்றைக்கே பிள்ளைக்கு உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அந்த டாக்டரம்மா வந்து அனுசுயாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, சர்க்கரை உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது, எப்படி என்று எனக்கு விளங்கவில்லை என்றது. எனக்கு விளங்கியது அண்ணாச்சி. மெஷின் தப்பாகச் சொல்லிவிட்டது, அதை மூட வேண்டும், அதற்குச் சர்க்கரையை இழுக்கிறார்கள். வார்டே கேட்கிற மாதிரிச் சொன்னேன். சர்க்கரை இல்லைன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீக, இப்ப எங்க இருந்து வந்துச்சு என்று கேட்டேன். அந்த அம்மா பழைய தாள்களை எடுத்து மறுபடியும் புரட்டியது. அனுசுயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் விடுகிறவன் இல்லை. வக்கீலிடம் போனேன். நல்ல கேஸ், பிள்ளையின் அம்மா கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நடையாய் நடந்தேன். போடமாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். ஏன் என்று அவள் அப்பா கேட்டார், புருஷன் போனில் கேட்டான், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். படித்த பிள்ளை, டாக்டர்மாரை விட்டுக்கொடுக்க மனசில்லை போலிருக்கிறது. என் மகன் என்னிடம், கொஞ்ச நாளைக்குச் சும்மா இருங்கப்பா என்கிறான். நான் சும்மா இருக்க வேண்டுமாம். அந்தக் கை சும்மா தொங்குகிறது, நானும் சும்மா இருக்க வேண்டுமாம்.

பேரனை இதுவரைக்கும் என் கையில் கொடுத்ததில்லை. நம்புவீர்களா? கேட்டால் பால் குடிக்கிறான், தூங்குகிறான் என்று அவள் அப்பாதான் வந்து சொல்லுவார். அதனால்தான் செவ்வாய்க்கிழமை இங்கே வருகிறேன். இந்தக் கிலுக்கை எப்போதும் பையில் வைத்திருப்பேன். அவர்கள் வெளியே வந்து ஆட்டோ ஏறுகிற வரைக்கும் ஆட்டிக் காட்டுவேன். அவன் திரும்பிப் பார்ப்பான். பார்க்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்ல முடியாதே.

அழுகை நின்றுவிட்டது. இனி வெளியே வருவார்கள். நீங்கள் சட்டென்று ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மகள் அங்கே தம்ளரில் கலக்கிக்கொண்டு நிற்கிறாளே, பொட்டலத்தை எப்போது வாங்கிப் போனாள்? சரி, பரவாயில்லை. அந்தக் குழாயடிக்குப் போகச் சொல்லுங்கள். தூணுக்கு அந்தப் பக்கம் நின்றால் யாருக்கும் தெரியாது. ஒரு வாய் மட்டும் குடிக்கட்டும், வாயில் வாசம் இருக்க வேண்டும். மிச்சத்தை ஊற்றிவிடச் சொல்லுங்கள். யாராவது கேட்டால் நான் சொல்கிறேன், குடித்தாள், பார்த்தேன் என்று. எனக்கு என்ன லாபம்? ஒரு குடும்பமாவது இவர்களிடம் ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான்.

ஏ தாயி, இங்க வா. கேளு, அப்பா ஒன்னும் சொல்ல மாட்டாரு. அந்தா அங்க போயி…

இதோ வந்துவிட்டாள் அண்ணாச்சி. இவள்தான் அனுசுயா. தோளில் கிடக்கிறானே, அவன்தான். எப்படி இருக்கிறான் பாருங்கள், தூக்குகிறவளுக்கு மூச்சு வாங்குகிறது. அம்மா, நில்லும்மா. ஒரு நிமிஷம் குடு, இந்தப் பெஞ்சுலயே வச்சு…

என்னைத் தாண்டிப் போகிறாள் பாருங்கள். உங்கள் மகளிடம் போகிறாள். 

“ஊத்தாதீங்க அக்கா. குமட்டும், மூக்கப் பிடிச்சிட்டு முழுசாக் குடிச்சிருங்க. நான் ஊத்துனவ.”

கேட்டீர்களா? ஐந்து மாதமாக என்னிடம் பேசாதவள். இன்றைக்கு வாயைத் திறந்தாள், யாரிடம்? முன்பின் தெரியாத பிள்ளையிடம். என்ன பேச்சு? நான் சொன்னதற்கு எதிர்ப் பேச்சு. மாமனார் இங்கே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்ற மரியாதை வேண்டாம்? 

ஆமாம், ஊற்றினாள். நான்தான் ஊற்றச் சொன்னேன், உங்களிடம் மறைத்தேனா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஊற்றியதால்தானே சர்க்கரை இல்லை என்று வந்தது. ஏன் அண்ணாச்சி அப்படிப் பார்க்கிறீர்கள்?

டேய் ராசா, இங்க பாரு. தாத்தா என்ன வச்சிருக்கேன் பாரு. பார்த்தீர்களா, சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டான். சிரிக்கிறான். கையை நீட்டுகிறான் பாருங்கள், வாங்கிக்கொள்ள நீட்டுகிறான். அது இல்லடா ராசா, இந்தக் கை. இந்தக் கைய நீட்டு. இந்தக் கை.

போய்விட்டாள். உங்கள் மகளும் குடித்துவிட்டாள், தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். குடிக்கட்டும், எனக்கு என்ன. நாளைக்கு மெஷின் ஒன்று சொல்லும், பிள்ளை வேறொன்றாகப் பிறக்கும், அப்போது இந்தத் தராசை நினைப்பீர்கள். மூன்று எண்ணூறு என்றார்கள் அண்ணாச்சி. இருந்தது நான்கு நானூறு. இதற்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? அந்தப் பெஞ்சுக்கா? அங்கே போகாதீர்கள் அண்ணாச்சி, அதற்கு மேலே இருக்கிற ஃபேன் ஓடாது.